உப்புக் கிடங்குக்கு ஒரு மரக்கூரை

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகிறவர்களுக்கு, காட்டை எட்டிவிட்டோம் என்பதை முதலில் சொல்வது தோல்தான். கோட்டை மதிலில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையும் வெயில், ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்கு வந்ததும் இலைகளில் வடிந்து தணிந்துவிடுகிறது. நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் உடம்பு அதை வேறொரு நாடாக உணர்கிறது.

மரத்தால் தொழிற்கூடம் கட்டுவது பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்த இடத்திலிருந்து தொடங்குவதே நேர்மை என்று தோன்றியது. மரம் என்ற சொல்லுக்கு இந்த மலையில் தனிக் கனம் உண்டு. ஜவ்வாது மலைச் சந்தனம் பேர்போனது. அதை அடுக்கி வைத்து ஏலம்விட அரசே திருப்பத்தூரில் கிடங்கு நடத்தியது. காட்டில் சந்தனம் அருகிப்போன பின், பிழைப்புக்கு வழியில்லாத மலைவாழ் மக்களில் பலர் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 தமிழர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பேசப்போகும் உத்தரம் எதுவும் இந்த மலையிலிருந்து வெட்டப்படக் கூடாது. அது எங்கிருந்து வரலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மலையை விட்டு இறங்கிப் பாலாற்றுச் சமவெளிக்கு வந்தால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள் வரிசையாக வரும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. தோலின் வாசனைக்கு அந்த எல்லைகள் தெரியாது. நெடுஞ்சாலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஷூ கம்பெனிகளின் புதிய ஷெட்டுகள் பளபளக்கும். அவற்றுக்குப் பின்னால், தெருக்களுக்குள்ளே இருக்கும் பழைய தோல் கம்பெனிகளின் தகரக் கூரைகளைப் பாருங்கள். ஓரங்கள் சல்லடையாகியிருக்கும். இரும்புத் தூணின் அடிப்பாகம் பட்டை பட்டையாக உரிந்து நிற்கும். அதே காலத்தில் கட்டிய ஒரு நெல் குடோனில் இந்த வேகத்தைப் பார்க்க முடியாது.

காரணம் உப்பு. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க, தோலின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பைத் தூவி அடுக்குகிறார்கள். தோல் மண்டியிலிருந்து லாரியில் ஏறி இங்கே வந்து சேர்வது தோல் மட்டுமல்ல, உப்பும்தான். கம்பெனியில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அந்தத் தண்ணீர் பல பத்தாண்டுகள் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பின்னாளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளும் கொதிகலன்களும் வந்தன. தண்ணீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தண்ணீர் ஆவியான பிறகு உப்பு எங்கே போகும்? எங்கும் போகாது. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்த கலப்பு உப்பாக, வாங்க ஆளில்லாமல், ஷெட்டுகளில் குவிந்து கிடக்கிறது. மழை படாமல் அதைக் காக்க வேண்டும். நனைந்தால் மறுபடி நிலத்தடி நீருக்கே போகும். ஆக, உப்பைக் காப்பதற்கு ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரையையே உப்பு தின்கிறது.

துருப் பிடித்தல் என்பது மின்சாரம் ஓடும் ஒரு வேலை. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி, வேறோரிடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. நடுவில் ஈரம் இருந்தால் சுற்று முழுமையாகிறது. உப்பு அந்த ஈரத்தை நன்றாக மின்சாரம் கடத்தும் நீராக்குகிறது. அதைவிடக் கொடியது குளோரைடின் வேலை: உலோகத்தின் மேல் தானாகப் படிந்திருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு அது உள்ளே போய்விடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைக்கும் குணமும் உப்புக்கு உண்டு என்பதால், மழை பெய்யாத நாளிலும் வேலை நிற்பதில்லை. துத்தநாகம் பூசினால் கொஞ்ச காலம் தாங்கும். காங்கிரீட்டும் தப்பாது. குளோரைடு மெல்ல ஊடுருவி உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டதும் கம்பி துருவேறிப் பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

மரத்தில் இந்தக் கதை நடக்க வழியில்லை. ஓடித் திரியும் எலக்ட்ரான்கள் அதில் இல்லை. செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பசை பிணைத்திருக்கும் அமைப்பு அது. கடுமையான அமிலமோ காரமோ நேராகத் தாக்கினால் ஒழிய, உப்பு அதன் வலிமையை அவ்வளவாகத் தொடுவதில்லை. மேற்பரப்பில் உப்புப் பளிங்குகள் வளர்ந்து இழைகளைப் பிரித்து, மரம் பஞ்சு பூத்தாற்போல ஆவதுண்டு. அதற்கு ஆழம் குறைவு. உப்பேறிய மரத்தில் பூஞ்சையும் எளிதில் வளராது.

தோல் ஊர்க்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. எந்தத் தோல் கம்பெனிக்குள் போனாலும் நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே உருண்டுகொண்டிருக்கும் டிரம்மைப் பாருங்கள். பெரும்பாலும் மரம். உப்பும் அமிலமும் குரோமியமும் கலந்த நீரில் தோலைப் புரட்டிப் புரட்டி எடுப்பது அதுதான். பலகைகள் நனைந்து உப்பும்போது இடுக்குகள் தாமாகவே அடைபடும். உள்ளே முளைகளும் மரம்தான். ஒருமுறை டிரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆசாரி ஒருவரிடம், இரும்பில் செய்யலாமே என்று கேட்டேன். பலகையில் விரலால் தட்டிக்கொண்டே, "உள்ள ஒரு ஆணி தலை தெரிஞ்சாக்கூடத் தோல் கறையாயிடும் சார்" என்றார். அந்த ஒரு வரியில் முழு வேதியியல் இருக்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்து அறிவு அது. அவற்றிலுள்ள டானின் இரும்பைத் தொட்டால் கருநீலமாகிவிடும். கடுக்காய் மை செய்யும் முறையும் அதே வினைதான்.

சரி, டிரம் மரத்தில் இருக்கலாம். நூறு அடி அகலக் கிடங்கு மரத்தில் நிற்குமா?

உப்பும் மரமும் சேர்ந்து எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே கிடைத்த மரப் படிக்கட்டுக்கான மரங்கள் கிமு 1344ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்பு அதைக் காத்திருக்கிறது. நம் காலத்துச் சான்று சுவிட்சர்லாந்தில் ரைன் நதியோரம் நிற்கிறது. பனிக்காலத்தில் சாலைகளில் தூவும் உப்பைச் சேமிக்க, ரீபுர்க் என்ற இடத்தில் அந்த நாட்டு உப்பு நிறுவனம் இரண்டு மரக் குவிமாடங்களைக் கட்டியது. 2005இல் கட்டிய முதலாவது 93 மீட்டர் விட்டம். 2012இல் கட்டிய இரண்டாவது 120 மீட்டர் விட்டம், சுமார் 32 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் உப்பைக் கொள்ளும். பணமும் எஃகும் தாராளமாக உள்ள நாட்டில் மரத்தைத் தேர்ந்ததற்கு, அது உப்புக்கு அஞ்சாது என்பது முக்கியமான காரணம்.

120 மீட்டர் நீள மரம் எந்தக் காட்டிலும் கிடையாது. அங்கேதான் பொறியியல் வருகிறது. ஒரு முழு மரத்தை உத்தரமாக அறுத்தால், அதில் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஒரு கணுவோ வெடிப்போதான் மொத்த உத்தரத்தின் வலிமையைத் தீர்மானிக்கும். அதையே மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைகளாக அறுத்து, ஈரப்பதம் 12 விழுக்காடு அளவுக்கு இறங்கும்வரை சூளையில் உலர்த்தி, கெட்ட கணுக்களை வெட்டித் தள்ளிவிட்டு, முனைகளை இரண்டு கை விரல்களைக் கோத்தாற்போலச் செதுக்கி ஒட்டி நீட்டி, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் வேறொரு பொருள் பிறக்கிறது. கணு இன்னும் இருக்கும்; ஆனால் ஒரு பலகையின் கணுவுக்கு மேலும் கீழும் நல்ல மரம் இருக்கும். குறை சிதறிவிடுகிறது. ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்சர் 1906இல் வளைந்த ஒட்டு உத்தரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அதற்குக் க்ளூலாம் என்று பெயர். பலகை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி ஒட்டி, சுவராகவும் தளமாகவும் பயன்படும் பெரும் பலகை செய்யும் முறை 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வந்தது. மரம் இழையின் நீளவாக்கில் வலியது, குறுக்கே மெலியது. ஈரம் ஏறி இறங்கும்போது குறுக்கேதான் உப்பிச் சுருங்கும். குறுக்கடுக்கில் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கைப் பிடித்து நிறுத்துகிறது.

கரிக்கணக்கும் உண்டு. உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி எடை கரி. 450 கிலோ எடையுள்ள ஒரு கன மீட்டர் மரத்துக்குள், காற்றிலிருந்து எடுத்த சுமார் 800 கிலோ கரியமில வாயு அடங்கியிருக்கிறது. மறுபக்கம், ஒரு டன் எஃகு செய்ய இரண்டு டன் அளவில் கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியை நம்பிய நம் ஆலைகளில் அதைவிடக் கூட. இதைச் சொல்லும்போது ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும்.

வேலூர்க்காரருக்கு இதைவிடக் கண்முன்னே தெரியும் பயன் வெப்பம். அக்னி நட்சத்திரத்தில் தகர ஷெட்டின் கீழ் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் தெரியும். இரும்பு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் மரம் நானூறில் ஒரு பங்குதான் கடத்துகிறது. ஆனால் உத்தரத்தை மட்டும் மரத்தில் போட்டு, மேலே பழைய தகரத்தையே விரித்தால் இந்தப் பயன் கிடைக்காது. கூரைப் பரப்பும் மரப் பலகையாகி, அதற்கு மேல் காற்றோட விட்டு மழைக்கு ஒரு மூடி போட்டால்தான் கிடைக்கும். பாதிச் செலவில் முழுப் பெயர் வாங்க நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாற்றுவார்கள்.

நெருப்பு? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும்கூட. தடித்த மரம் எரியும்போது வெளியே கரிந்து ஒரு போர்வை உண்டாகிறது. அந்தக் கரி வெப்பத்தை உள்ளே விடாது. ஊசியிலை மரங்களில் கரிவு நிமிடத்துக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர் வேகத்தில் முன்னேறும் என்று ஐரோப்பிய விதிநூல் கணக்கிடுகிறது. ஒரு மணி நேரத் தீயில் ஒரு பக்கத்துக்கு நான்கு சென்டிமீட்டர் போகும். அந்த நான்கு சென்டிமீட்டரைச் சேர்த்தே உத்தரத்தைத் தடிமனாகச் செய்துவிடலாம். எஃகு எரியாது. ஆனால் 550, 600 டிகிரியில் பாதி வலிமையை இழந்து தொய்ந்துவிடும். பூச்சில்லாத எஃகு அந்தச் சூட்டை எட்டக் கால் மணி நேரமே போதுமானதாகலாம்.

இதைக் கேட்டு மரம் பாதுகாப்பானது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் எஃகுக்குப் பஞ்சம் வந்தபோது அமெரிக்கக் கடற்படை ஒரிகன் மாநிலத்தின் டில்லமூக்கில் 1943இல் இரண்டு பிரம்மாண்டமான மரக் கொட்டகைகளை வான்கப்பல்களுக்காகக் கட்டியது. ஒவ்வொன்றும் ஆயிரம் அடிக்கு மேல் நீளம். ஒன்று இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. இன்னொன்று 1992இல் சாம்பலானது. அப்போது அதற்குள் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். கிடங்கின் விதியை எழுதுவது அதன் சுவர் மட்டுமல்ல, உள்ளே வைக்கும் சரக்கும்தான். எனவே ஷூ கம்பெனியின் பசை டின்களையும் தின்னரையும் வைக்கும் அறையை நான் மரத்தில் கட்டச் சொல்ல மாட்டேன். உப்புக்கும், உப்பிட்ட தோலுக்கும், குரோம் ஏற்றிய ஈரத் தோலுக்குமான கிடங்கைச் சொல்வேன். தீப்பற்றாத சரக்கு, இரும்பை அரிக்கும் காற்று: மரம் வெல்லும் இடம் இதுதான்.

இனி மரம் எங்கிருந்து என்ற கேள்வி. 1996 இந்தப் பகுதிக்கு இரண்டு தீர்ப்புகளின் ஆண்டு. தோல் வழக்கின் தீர்ப்பு ஆகஸ்டில். கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதைக் கண்டு டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் நாடு முழுவதும் காட்டுமர வெட்டுக்குக் கடிவாளம் போட்ட ஆணை டிசம்பர் 12இல். அதற்கு முன்பே, 1993இல், மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்திருந்தது. அந்தத் தடை 2020இல்தான் நீங்கியது. அந்த இடைக்காலத்தில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் மரத்தைக் கணக்கிடாமலே பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். நம்மிடம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இல் மரத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதைப் புரட்டும் கைகள்தான் குறைவு.

காட்டைத் தொடாமல் கிடைப்பது வயல் மரம். சவுக்கு, தைலமரம், மலைவேம்பு, சில்வர் ஓக் ஆகியவற்றை நம் விவசாயிகள் ஏற்கெனவே பயிராகவே வளர்க்கிறார்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இதற்காகப் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. தமிழ்நாட்டில் எழுந்த எத்தனையோ காங்கிரீட் தளங்களைச் சென்ட்ரிங் போடும்போது தாங்கி நின்றது சவுக்குக் கழிதானே. ஆனால் உத்தரத்துக்கு எல்லாம் ஒத்துவராது. சவுக்கு வலியது, கனமும் அடர்த்தியும் கூடியதால் பசை பிடிப்பது சிரமம், உலரும்போது பிளக்கும். தைலமரத்துக்குள் வளரும்போதே இறுகிய விசை, அறுத்ததும் பலகையை வளைத்துவிடும். மலைவேம்பு இலேசானது, நேராக வளர்வது, பிளைவுட் ஆலைகளுக்குப் பழகியது. மெல்லிய தாள்களாக உரித்து அடுக்கி ஒட்டிய உத்தரத்துக்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம்.

விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் சிக்கல் வேறு. காகித ஆலைக்குச் சவுக்கை மூன்று நான்கு ஆண்டில் வெட்டிக் காசாக்கலாம். உத்தரத்துக்கான பலகை வேண்டுமென்றால் மரம் பருக்க வேண்டும். அவர் கூடுதலாகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மகள் கல்யாணமும் கிணறு தூர்வாருவதும் அதுவரை காத்திருக்காது. காத்திருக்கும் ஆண்டுகளுக்கு முன்பணம் தரும் ஒப்பந்தம் இல்லாமல் இந்த மரம் பிறக்காது. ஆலை, இயந்திரம், விதிநூல் எல்லாவற்றையும்விட இதுதான் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கறையான். உப்புக் கிடங்கில் பூஞ்சை அடங்கும். ஆனால் உப்பு படாத சுவரோரத்திலும் அலுவலக மூலையிலும் கறையான் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இங்கே தோல் ஊருக்கும் மரத்துக்கும் ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. உலகம் முழுவதும் மின்கம்பங்களையும் வேலிக் கால்களையும் பல பத்தாண்டுகள் கறையானிடமிருந்து காத்த மருந்தைக் கண்டுபிடித்தது இந்தியாவில், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில். சோன்டி காமேசன் 1933இல் உருவாக்கியது. செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கறையானைக் கொல்லும், குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரையாமல் வைக்கும். அதே குரோமியம்தான் ஆம்பூரில் தோலின் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் வைக்கிறது. தோலில் பட்டைக்கு வாரக்கணக்கில் ஆன வேலையை ஒரு நாளில் முடித்த அற்புதம் அது.

அந்த அற்புதத்துக்கு இந்த ஊர் கொடுத்த விலை ராணிப்பேட்டையில் மலையாய்க் கிடக்கிறது. எப்போதோ மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து மழைதோறும் மஞ்சள் நீர் வழிகிறது. குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரத்தை நாளை யாரோ அடுப்பில் எரித்தால் நஞ்சு சாம்பலில் மிஞ்சும். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் இந்த மருந்தைக் கைவிட்டார்கள். பாலாற்றங்கரையில் பசுமை என்ற பெயரில் இன்னொரு குரோமியக் கூரையை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

வேறு வழி இருக்கிறது. போரான் உப்புகள் கறையானைக் கொல்லும், மனிதருக்கு நஞ்சு குறைவு. மழையில் கரைந்து போவதுதான் அவற்றின் குறை; கூரைக்குக் கீழே இருக்கும் உத்தரத்துக்கு அது குறையல்ல. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, மரத்தின் காலை ஈரத்திலும் மண்ணிலும் வைக்காமலிருப்பது. நம் திண்ணைத் தூண்கள் எல்லாம் கல் பாதத்தின் மேல்தான் நின்றன. கிடங்கின் தூணும் இடுப்பளவு காங்கிரீட் பீடத்தில் ஏறி நிற்கட்டும். கறையான் ஏறினால் அதன் மண்பாதை பீடத்தின் மேல் பளிச்சென்று தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் செய்கிறார்கள். கருங்கல்லை உடைத்துச் சலித்து, சுமார் 2 மில்லிமீட்டர் அளவுத் துகள்களை அடித்தளத்தைச் சுற்றி நிரப்புகிறார்கள். கறையானால் கவ்வித் தூக்க முடியாத பெரிய துகள். அது நுழைந்து போக முடியாத சிறிய இடுக்கு. மருந்தே வேண்டாம். அந்த அளவு அவர்கள் ஊர்க் கறையானின் தாடைக்கும் தலைக்கும் பொருந்தியது. நம் கறையான் இனங்களுக்குச் சரியான அளவு எது என்று காண, வேலூர்க் குவாரியின் ஜல்லித் தூள், நான்கைந்து சல்லடைகள், சில கண்ணாடிக் குழாய்கள் போதும். ஒரு கல்லூரி விலங்கியல் துறை ஒரு பருவத்தில் செய்து முடித்துவிடலாம். கறையானுக்கு அலைய வேண்டியதில்லை. வனத்துறை அனுமதி தந்தால் போதும், அமிர்திப் பாதையோரம் ஆளுயரப் புற்றுகள் காத்திருக்கின்றன.